நடுவிரலை நிமிர்த்தப் போன கதை

1. முதல் நாள்

கைத் தெரபிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு போலீஸ்காரரின் கட்டைவிரலை மேசையோடு ஒட்டிவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மேற்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கைகளுக்கென்றே தனி கிளினிக் இருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் வேறோர் இடத்தில் முதியவர்களின் முழங்கால்களை மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கொழும்பில் பிசியோதெரபி படித்தவள், முழங்காலோடு என் காலம் முடிந்துவிடுமோ என்று பயந்துதான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

காயப்பட்ட விரலைத் தாங்கிப் பிடிக்க நாங்கள் ஸ்பிளின்ட் செய்வோம். அதற்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. கொதிக்காத சுடுநீரில் போட்டால் அது அப்பளம் போலத் துவண்டுவிடும். எடுத்து, துடைத்து, கையில் வைத்து வடிவம் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். நான் போலீஸ்காரரின் கையை மேசையில் வைத்துக்கொண்டு அழகாக வடிவம் பிடித்தேன். தகடு கையிலும் பிடித்தது, மேசையிலும் பிடித்தது. அவர் எழுந்தார், கட்டைவிரல் எழவில்லை.

என் மேலதிகாரி மொரீன் அயர்லாந்துக்காரி. ஆறடி உயரம், அரைக் கண்ணாடி. ரீ குடிக்கும் அறையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்துவந்து நிதானமாக நெம்பினார். போலீஸ்காரர் போனதும் சொன்னார். (அவர் பேசியது ஆங்கிலம். அந்த இழுவையைத் தமிழில் எழுத எனக்குத் தெரியாது.)

"சரோ, ஆளைப் பார். மேசைக்கு ஒரு நோயும் இல்லை."

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு மேசையில் ஒரு துவாயை விரித்துக்கொண்டேன், பாடம் படித்தாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர் சொன்னதில் முதல் பாதி எனக்கு ஏறவே இல்லை. அது ஏறுவதற்கு ஏழெட்டு வருடமும் ஒரு நடுவிரலும் தேவைப்பட்டன.

2. எண்களும் நானும்

எங்கள் தொழிலின் பொதுவான கருவி கோனியோமீட்டர். விரல்மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அளப்பது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மற்றத் தெரபிஸ்ட்டுகள் அதை மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பார்கள். நான் கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அவ்வளவு ஆசை.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சார்ட். போன கிழமை நாற்பது டிகிரி குறை, இந்தக் கிழமை முப்பத்தைந்து என்று புள்ளி வைத்து, குறை குறையக் கோடு ஏறும்படி இழுத்துக்கொண்டு போவேன். கோடு நல்ல பக்கம் போனால் அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. பிடிவாதமான மூட்டு ஒன்று வந்தால் மொரீன் என்னிடம் தள்ளிவிடுவார். "சரோவிடம் போ, அவள் கெஞ்சியோ மிரட்டியோ நிமிர்த்திவிடுவாள்" என்று நோயாளியிடம் சொல்லுவார். எனக்குத் தலைகால் புரியாது.

தமிழ் ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள். ஹவுன்ஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் சனம் பெருகிக்கொண்டிருந்த காலம். விமான நிலையத்துக் கிச்சன், கார்கோ ஷெட், பெட்ரோல் ஸ்டேஷன் என்று கையை நம்பிப் பிழைத்தவர்கள். கை காயப்படாமல் இருக்குமா? தமிழ் ஆள் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, வேலை சுலபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அது பிழை. வெள்ளைக்காரருக்கு ஸ்பிளின்ட் கடித்தால் மறுநாளே போன் வரும். எங்கள் ஆட்கள் டொக்டருக்கும் தெரபிஸ்ட்டுக்கும் முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். "எப்படி இருக்கு?" என்றால், "நல்லம் அக்கா, உங்கட கை பட்டாலே சுகம்" என்பார்கள். வீட்டுக்குப் போய் ஸ்பிளின்டைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? என் சொந்தத் தகப்பனாரே பல்வலியோடு போய்ப் பல் டொக்டரைப் புகழ்ந்துவிட்டு வலியோடு திரும்பி வந்தவர். தெரிந்தும், "நல்லம் அக்கா" என்று கேட்டவுடன் மனம் குளிர்ந்துவிடும். புகழ்ச்சிக்கு மயங்காத தெரபிஸ்ட்டை நான் கண்டதில்லை.

3. ரவி

ரவி வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். முப்பது வயது, மெலிந்த உயரம், கார்கோ ஷெட்டில் வேலை. கொண்டெய்னர் கதவு சாத்துப்பட்டு வலது கை நடுவிரல் நசுங்கியிருந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் விரலின் நடுமூட்டு மடங்கியபடி இறுகிப்போயிற்று. அளந்தேன். நாற்பது டிகிரி குறை. கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னால் மற்ற விரல்கள் படுத்திருக்க, நடுவிரல் மட்டும் கூடாரம் அடித்து நின்றது.

"வேலை செய்ய ஏலுதோ?"

"ஓம் அக்கா, சாமான் தூக்க ஏலும். கையுறை போடத்தான் கொஞ்சம் கஷ்டம்."

"வேறை என்ன செய்வீர் இந்தக் கையாலை?"

தயங்கினார். "ஞாயிறிலை பேஸ்போல் விளையாடுறனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பொடியன், லண்டனில், பேஸ்போல். இங்கே பேஸ்போல் என்றால் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் ரவுண்டர்ஸ் என்று வெள்ளைக்காரரே கேலி செய்வார்கள். ஷெட்டுக்கு வரும் வட அமெரிக்கக் கம்பனி ஆட்கள் சிலர் ஒரு டீம் வைத்திருந்தார்களாம். ஒருநாள் ஆள் குறைந்து ரவியைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். நாலு வருடமாக அவர்தான் அந்த டீமின் பிச்சர், அதாவது பந்து எறிபவர். அவருடைய விசேஷம் கேர்வ் போல். நேரே வருவது போல வந்து, அடிப்பவருக்குக் கிட்ட வந்ததும் வளைந்து கீழே விழும் பந்து.

"ஓ, எங்கட ஓஃப் ஸ்பின்" என்றேன்.

என் இரண்டு அண்ணன்மாரும் பள்ளிக்கூட டீமில் கிரிக்கெட் ஆடியவர்கள். மாமரத்துக்குக் கீழே மணிக்கணக்காகப் பந்து பொறுக்கிப் போட்டவள் நான். ஸ்பின் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

"சுட்டுவிரலாலை திருகிறதுதானே? கதவுக் குமிழைத் திருப்பிற மாதிரி?"

"ஓம் அக்கா. கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப நடுவிரலுக்கு அதிலை பெரிசா வேலை இல்லை. நிமிர்த்திப் போடலாம்."

"ஓம் அக்கா."

அந்தக் கடைசி இரண்டு ஓமும் பொய். ஆனால் எவ்வளவு மரியாதையான பொய்! நான் உற்சாகமாக வேலையில் இறங்கினேன். பலகையில் பொருத்திய கதவுக் குமிழ் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நாளுக்கு ஐம்பது தரம் திருப்பும்படி பயிற்சி கொடுத்தேன். முழங்கையை மடக்காமல் எறியவேண்டும் என்று கிரிக்கெட் சட்டத்தையும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன். நடுவிரலுக்கு ஸ்பிரிங் கம்பி வைத்த ஸ்பிளின்ட் ஒன்று. கம்பியை நானே குறடால் வளைத்தேன். மூன்று தரம் பிழைத்து நாலாம் தரம் சரிவந்தது.

நடுவிரலை மட்டும் நீட்டிக் கட்டினால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ரவி பஸ்ஸை மறிக்கக் கை நீட்டியிருக்கிறார். பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்த கிழமை இதைச் சொல்லி அவரே சிரித்தார். அது ஒன்றுதான் அவர் சொன்ன குறை, அதுவும் பஸ் டிரைவரைப் பற்றியது.

4. கோடு ஏறியது

பங்குனியில் முப்பத்தைந்து. சித்திரையில் முப்பது. வைகாசி முடியும்போது இருபத்தைந்து. சார்ட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மொரீன் அதைப் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

"விளையாட்டு எப்பிடிப் போகுது?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பேன்.

"நல்லம் அக்கா."

இருபத்தைந்தில் கோடு நின்றுவிட்டது. ஆறு கிழமை இழுத்தும் அசையவில்லை. இப்படி நின்றால் சர்ஜனிடம் அனுப்புவது வழக்கம். மூட்டைச் சுற்றி இறுகிப்போனதை வெட்டி விடுவித்தால் மிச்ச டிகிரியும் கிடைக்கலாம். கிடைக்காமல் மூட்டு விறைத்துப்போகவும் கூடும். எங்கள் சர்ஜன் கெட்டிக்காரர், கதை குறைவு. இங்கே சர்ஜனை டொக்டர் என்று கூப்பிட்டால் கோபம் வரும், மிஸ்டர் என்றுதான் சொல்லவேண்டும். அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "செய்யலாம். விருப்பமா?" என்று கேட்டார். ரவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "யெஸ் சேர், தாங்க்யூ சேர்" என்று ரவி கையெழுத்து வைத்தார். ஆடி மாதம் ஒரு புதன்கிழமைக்கு ஒபரேஷன் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின வியாழக்கிழமை ரவி கோட்டைக் கழற்றும்போது முழங்கையை ஒரு மாதிரிப் பிடித்துக்கொண்டு கழற்றினார். நான் முழங்கையின் உட்பக்கத்தை ஒரு விரலால் அமத்தினேன். ஆள் துள்ளி எழும்பினார்.

"இது எப்ப தொடக்கம்?"

"அது ஒண்டுமில்லை அக்கா. பிரச்சினை இல்லை."

ஒன்றுமில்லாத முழங்கை துள்ளாது. விரலில் அடிபட்டவருக்கு முழங்கையில் ஏன் வலி? சார்ட்டில் அதற்கு இடமே இல்லை. எனக்குள் ஏதோ இடித்தது. எங்கே விளையாடுகிறீர் என்று மட்டும் கேட்டுவைத்தேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு பின்னேரம் பஸ் பிடித்துப் போனேன். கவுன்சில் பார்க் ஒன்றின் மூலையில் உதைபந்தாட்ட மைதானத்தைத் தற்காலிகமாகப் பேஸ்போல் மைதானமாக்கியிருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் தலையைத் தொடுவது போல இறங்கியது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ரவி எறிந்தார். முழங்கையை மடக்கி, சவுக்குச் சொடுக்குவது போல வீசினார். என்னை அறியாமல் எழும்பி "நோ போல்!" என்று கத்திவிட்டேன். அங்கிருந்த இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேஸ்போலில் அப்படியொரு சட்டம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் பந்து வளையவில்லை. அதை விளங்கிக்கொள்ளச் சட்டம் தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு பந்தும் அடிப்பவரின் நெஞ்சு உயரத்துக்குப் பதமாகப் போனது. அவர்கள் அதைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். ஒரு பந்து ரோட்டைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வோர் எறிக்குப் பிறகும் ரவி முழங்கையைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை எறிய விட்டார்கள். ரவி போய்ப் புல்லில் தனியே இருந்தார்.

ரவியின் பந்துகளைப் பிடிக்கும் கட்சர், டக் என்று ஒரு கனடாக்காரர். விமான மெக்கானிக். முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். நான்தான் ரவியின் தெரபிஸ்ட் என்றேன்.

"அந்தக் கம்பியை மாட்டினது நீங்கள்தானா?" என்றார். பிறகு கோபத்தை விழுங்கிக்கொண்டு பந்தை என் கையில் வைத்தார்.

கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மென்மை. சிவப்புத் தையல் வளைந்து வளைந்து ஓடுகிறது. டக் என் நடுவிரலை எடுத்து அந்தத் தையலின் ஓரத்தில் பதித்தார். சுட்டுவிரல் பக்கத்தில் சும்மா கிடந்தது. கட்டைவிரல் கீழே தாங்கியது.

"கேர்வ் போலில் வேலை முழுக்க இந்த நடுவிரலுக்குத்தான். பந்து கையை விட்டுப் போகும்போது இது தையலைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பந்து முன்பக்கமாகச் சுழலும், அதனால்தான் விழும். விரல் நுனிக்குத் தையல் தெரியவேண்டும், அமத்தப் பலம் வேண்டும். நகத்துக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தாலே போதும், பந்து வளையாது. விரல் செய்யாததை ஆள் முழங்கையால் திருகிச் செய்யப் பார்ப்பான். அப்புறம் முழங்கையும் போச்சு. கதவுக் குமிழ் மாதிரித் திருகாதே என்று நாங்கள் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுப்போம்."

பந்தைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். நாளுக்கு ஐம்பது தரம் என்று எழுதிக் கொடுத்த கை இதுதான்.

"விபத்துக்கு முன்னால் அவன் பரவாயில்லாத பிச்சர்" என்றார் டக். "ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில், விரல் இன்னும் மடங்கியிருந்த நேரம், வந்து எறிந்தான் பாருங்கள். படி தவறின ஆள் மாதிரிப் பந்து பொசுக்கென்று கீழே போனது. எனக்கே பிடிக்க முடியவில்லை. மடங்கின விரல் தையலில் கொளுவிக்கொண்டது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பிறகு கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே வந்தது. நீங்கள் நிமிர்த்த நிமிர்த்தப் பந்தும் நிமிர்ந்துவிட்டது."

என் அழகான கோட்டின் மறுபக்கம் அதுதான். நான் ஏற்றிய ஒவ்வொரு டிகிரியும் அவரிடமிருந்து எடுத்தது. வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. வெட்கம் என்னில், கோபம் ரவியில். புல்லில் இருந்தவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் காணும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

அவர் புல்லைப் பிடுங்கினார். "எப்பிடி அக்கா சொல்லுறது? நீங்கள் அந்தக் கம்பியை மூண்டு தரம் பிழைச்சு நாலாந்தரம் வளைச்சனீங்கள். ஒவ்வொரு கிழமையும் அளந்துபோட்டு உங்கட முகத்திலை வாற சந்தோஷத்தைப் பாத்தா, எனக்கு வாய் வரேல்லை."

"ஒபரேஷனுக்கு ஏன் சைன் வைச்சனீர்?"

"அவர் கேட்டார். நீங்களும் பக்கத்திலை நிண்டு தலையாட்டினீங்கள். படிச்ச ரெண்டு பேர் சரியெண்டு சொல்லேக்கை நான் ஆர் வேண்டாமெண்டு சொல்ல?"

"உமக்கு விரல் நிமிர வேணுமோ, வேண்டாமோ? எனக்காகச் சொல்லாதேயும்."

விமானம் ஒன்று தலைக்கு மேலாகப் போனதும் சொன்னார்.

"ஷெட்டிலை சிலோன்காரர் எல்லாருக்கும் ஒரே பேர்தான் அக்கா, 'ஸ்ரீ'. ஆறு பேர் இருக்கிறம், ஆறு பேரும் ஸ்ரீ. இங்கைதான் ரவியெண்டு கூப்பிடுகினம். இந்தப் பந்து ஒண்டைத்தான் இந்த நாட்டுக்கு வந்து நான் ஆசைப்பட்டுப் பழகினனான். மிச்சமெல்லாம் வேறை வழியில்லாமல் பழகினது. விரல் மடங்கியே கிடக்கட்டும். எனக்கு அந்தப் பந்து வேணும்."

ஏழு மாதத்தில் அவர் என்னோடு பேசிய முதல் நீளமான பேச்சு அது. எனக்கு அழுகை வந்தது, நான் அழவில்லை. ஒபரேஷனுக்கு மூன்று நாள் இருந்தது.

6. ஊதாப் பேனா

திங்கள் காலை மொரீனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் சார்ட்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல சார்ட்" என்றார். "யாருடையது?"

"ரவியுடையது."

"இல்லை. உன்னுடையது." பிறகு குரலைத் தணித்தார். "நீ போய்ச் சர்ஜனிடம் சொன்னால், தெரபிஸ்ட்டுக்கு விருப்பமில்லை என்று ஆகும். அது உன் விரல் இல்லையே. அவனே சொல்ல வேண்டும்."

ஒபரேஷனுக்கு முதல் நாள் சர்ஜன் ஆளைப் பார்ப்பார். எந்த விரல் என்பதில் பிழை வராமலிருக்கத் தோலில் பேனாவால் அம்புக்குறி போடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை ரவியைக் கொரிடோரில் பிடித்து நாடகம் பழக்கினேன். நான் சர்ஜன்.

"ஏதும் கேள்வி இருக்கா?"

"ஓம் சேர், எனக்கு இந்த ஒபரேஷன் வேண்டாம்."

"ஓம் எண்டு தொடங்காதேயும்!"

"சொறி அக்கா."

ஐந்து தரம் பழகினோம். ஐந்தாம் தரம் பிசகில்லாமல் சொன்னார். உள்ளே போனோம். சர்ஜனுக்குப் பின்னால் இரண்டு ஜூனியர்கள், ஒரு நர்ஸ். அவர் பைலைப் புரட்டினார்.

"நாளைக்கு நடுவிரல். ஏதும் கேள்வி இருக்கா?"

"நோ சேர். தாங்க்யூ சேர்."

கொரிடோரில் பழகியதெல்லாம் கொரிடோரோடு போயிற்று. வாயைத் திறந்து நானே சொல்லிவிடலாமா என்று துடித்தது. மொரீன் சொன்னது காதில் கேட்டது. பேசாமல் நின்றேன். அதைப் போல ஒரு கஷ்டமான வேலையை நான் அந்தக் கிளினிக்கில் செய்ததில்லை.

சர்ஜன் ரவியின் கையைப் பிடித்தார். ஊதாப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். புறங்கையிலிருந்து நடுவிரலை நோக்கி அம்பின் தண்டைக் கீறினார். தலையைக் கீறப் போகையில் கை அங்கே இல்லை. ரவி கையை இழுத்து நெஞ்சோடு வைத்திருந்தார். மற்றக் கையால் அதைப் பொத்திக்கொண்டும் இருந்தார். அவருக்கே அது எப்படி நடந்தது என்று தெரியவில்லை போல இருந்தது.

"நோ சேர்" என்றார். சத்தம் சின்னதாக வந்தது. "சொறி சேர். நோ."

சர்ஜன் பேனாவை மூடினார். கதிரையை இழுத்து ரவிக்கு முன்னால் இருந்தார். அவர் நோயாளிக்கு முன்னால் உட்கார்ந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

"ஏன் என்று சொல்லு."

ரவி சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டில் சுற்றிவைத்த பண்டேஜ் உருண்டை ஒன்றை எடுத்தார். அதைப் பந்தாகப் பிடித்து, நடுவிரலை வைத்து, மெதுவாக இழுத்துக் காட்டினார். உடைந்த ஆங்கிலத்தில் தையல், அமத்தல், விழுதல் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒருதரம் பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. முழங்கை வலியைச் சொன்னார். கதவுக் குமிழையும் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சர்ஜன் பண்டேஜ் உருண்டையை வாங்கித் தன் விரலிலும் வைத்துப் பார்த்தார்.

"கை தூக்குது, எழுதுது, வேலைக்குப் போகுது. அப்படியானால் இதில் நான் வெட்ட ஒன்றும் இல்லை" என்றார். லிஸ்டில் பெயரை வெட்டினார். எழும்பிப் போகும்போது என் பக்கம் திரும்பினார். "இதை ஜனவரியிலேயே கேட்டிருக்கலாமே?"

"ஓம், கேட்டிருக்கலாம்" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

7. நிமிராத விரல்

ஸ்பிரிங் ஸ்பிளின்ட் குப்பைக்குப் போயிற்று. கதவுக் குமிழும் நிறுத்தப்பட்டது. முழங்கைக்கு ஓய்வு. நடுவிரல் நுனிக்குப் பலம் வர, பிசையும் களி கொடுத்தோம். மஞ்சள் மென்மை, சிவப்பு நடுத்தரம், பச்சை இறுக்கம். பழைய மேசைப்பந்து ஒன்றில் நூலைத் தையல் போல ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக் கண்டுபிடிக்கச் சொன்னேன். டக் ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, பிடி சரிதானா என்று பார்த்துவிட்டுப் போனார். அன்று அவர்தான் தெரபிஸ்ட், நான் குறிப்பு எடுத்தேன்.

நான் மாதக்கணக்காக நிமிர்த்தியது ஆறு கிழமையில் மடங்கிவிட்டது. ஆவணி முடிவில் முப்பத்தெட்டு டிகிரி குறை. சார்ட்டில் கோடு சறுக்கி விழுந்தது. நான் ஒவ்வொரு புள்ளியையும் பெருமையாகவே வைத்தேன்.

புரட்டாதியில் சீசனின் கடைசி ஆட்டம். மொரீனும் வந்தார், ஒரு பிளாஸ்க் நிறைய ரீயோடு. முழங்கையை எண்ணி ரவிக்குக் கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும் எறிய அனுமதி கொடுத்திருந்தேன். முதல் பந்து நேரே வந்தது. அடிப்பவர் மட்டையை ஓங்கினார். பந்து அந்த இடத்தில் இல்லை, அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது. மட்டை சுற்றிய வேகத்தில் அவர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. மூன்று தரம் தவறினால் ஆள் வெளியே. புல்வெளி முழுக்க "ரவி! ரவி!" என்று கத்தியது. மொரீன் ரீயை ஊற்றிக்கொண்டார். நான் அழுதேன், இந்த முறை மறைக்கவில்லை. ஆட்டத்தில் அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீமில் மற்றவர்களுக்கு அடிக்கத் தெரியாததற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

வருட முடிவில் கிளினிக் ரிப்போர்ட் எழுதுவோம். நிமிர்ந்த விரல்கள் ஒரு பக்கம், நிமிராதவை மறு பக்கம். விதிப்படி ரவியின் விரலை நிமிராதவற்றில்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். அளவுக் கருவியை எடுக்க முதல், இந்தக் கையால் என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல விடாமல் உங்களுக்குத் தெரிந்த கிரிக்கெட்டை அதில் திணிக்காதீர்கள். எங்கள் ஆட்கள் ஓம் என்றால் அதோடு விட்டுவிடாமல், செய்து காட்டச் சொல்லுங்கள்.

ரவியின் கடைசி அப்பொயின்ட்மென்ட் ஐப்பசியில். முழங்கையில் வலி இல்லை. விரலில் நல்ல பலம். வீட்டில் செய்யப் பச்சைக் களியைப் பொதி செய்து கொடுத்தேன்.

"எல்லாம் திருப்திதானே? இதைத் தினமும் செய்வீர்தானே?"

"ஓம் அக்கா. நல்லம் அக்கா."

கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனார். நின்றார். திரும்பி வந்து பொதியை மேசையில் வைத்தார்.

"இல்லை அக்கா. இந்தப் பச்சை சரியில்லை. கடும் இறுக்கம், விரல் நோகுது. நான் போன கிழமை ஒரு நாளும் செய்யேல்லை. சிவப்பைத் தாங்கோ."